கழுவிய கண்ணாடி

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் செபாஸ்தியம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செவத்தியக்கா என்று கேட்டால், கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தக்காகூட ஒங்களுக்கு என்ன வம்பு?" என்பார்கள். வம்பில்லாமல் அவளைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று மார்க்கெட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது.

நான் சௌகத் அலி, பேகம்பூரில் போர்டு எழுதுகிற கடை வைத்திருந்தவன். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை என் பிரஷ்ஷில் பிறந்ததுதான். அக்காவின் வீடும் என் கடையும் ஒரே சந்தில் எதிரெதிரே இருந்தன. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் என் சம்சாரம், "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, செத்துப் போனவங்க" என்றாள். என்னால் ஆகாது. பொறுமைசாலி, பூப்போன்ற மனசு என்றெல்லாம் எழுதினால், செத்தவள் எழுந்து வந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் பூ விற்றவள், அவ்வளவுதான். மனசு பட்டறையில் அடித்த இரும்பு.

ஒரு சம்பவம் சொன்னால் ஆள் யாரென்று புரிந்துவிடும். ஒருமுறை ஒரு கண்டக்டர் அவளுடைய சம்பங்கிக் கூடையை பஸ் கூரையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறவில்லை. அந்தக் கண்டக்டர் வேலையை விட்டுப் போன பிறகும் ஏறவில்லை. கம்பெனி கைமாறி, பஸ்ஸுக்கு வேறு பெயின்ட் அடித்த பிறகும் ஏறவில்லை. "பெயின்டு மாறுனா வண்டி மாறிருமா பாய்?" என்று என்னிடமே கேட்டாள். கல்யாணமான மறு வருஷம் கேரளாவுக்குப் போன புருஷன் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டினான். அவள் உள்ளே இருந்தாள், விளக்கும் எரிந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. அவன் தட்டித் தட்டிக் கை வலித்துத் திரும்பிப் போனான்.

இப்பேர்ப்பட்டவளிடம் ஒரு பெட்டி இருந்தது. தேக்குப் பெட்டி, பித்தளைக் கொக்கி. உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாகக் காடி வெட்டி, ஒவ்வொரு காடியிலும் ஒரு கண்ணாடித் தகடு செருகியிருக்கும். நாற்பதுக்குக் கொஞ்சம் கூட. எங்கள் சந்தில் அதற்குத் துரைப் பெட்டி என்று பெயர்.

சிப்பாய்க் கலகம் அடங்கிச் சில ஆண்டுகளில், சாலை போடும் வேலைக்காகத் திண்டுக்கல்லுக்கு ஹார்க்னெஸ் என்று ஒரு துரை வந்தானாம். சாலை போட்டானோ இல்லையோ, போன இடமெல்லாம் கூடாரம் அடித்துப் படம் எடுத்தான். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குப் படம் எடுப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் கேமராப் பெட்டியில் வைத்துப் படம் பிடித்து, அந்த ஈரத்தோடே கூடாரத்து இருட்டுக்குள் கொண்டுபோய்க் கழுவி எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மருந்து எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? துரை ஓட, அவன் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு அவன் சமையல்காரர் மரியான் ஓட, இப்படித்தான் ஒவ்வொரு படமும் பிறந்தது. துரை காய்ச்சலில் இங்கேயே செத்தான். அவன் சாமான்களை எல்லாம் ஏலம் போட்டார்கள். படப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. மரியான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மரியானின் பேரனுக்கு மகள்தான் செவத்தியக்கா.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று காலையில் அக்காவுக்கு மாலை விற்க நேரம் போதாது. மத்தியானம் கல்லறைக்குப் போய்த் தன் ஆட்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். வந்ததும் வாசலில் பெஞ்சைப் போட்டுப் பெட்டியைத் திறப்பாள். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான். அவள் அப்பா சூசை காலத்திலிருந்தே அப்படித்தான் நடந்தது. கிறிஸ்தவர்கள் மட்டுமில்லாமல் சந்து முழுக்கக் கூடும். படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் செத்தவர்கள், அதனால் அவர்களுக்கும் இன்றுதான் திருநாள் என்பாள்.

கண்ணாடியைச் சும்மா கையில் வைத்துப் பார்த்தால் வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக, பார்க்கச் சகிக்காது. பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும், படம் சட்டென்று மனிதர்களாக மாறிவிடும். அதற்கென்று ஒரு பழைய குடையின் துணியைக் கிழித்து வைத்திருந்தாள். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆட்டுக்கிடை. பாவு நீட்டி நிற்கிற நெசவுக் குடும்பம். எரியோட்டுப் பக்கம் கிணற்றில் கமலை இழுக்கும் மாடு. அது தலையை ஆட்டிவிட்டதால் படத்தில் தலையே விழவில்லை, உடம்பு மட்டும்தான். பிள்ளைகள் அந்தத் தலையில்லா மாட்டைத்தான் முதலில் கேட்பார்கள். பேகம்பூர் பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் நிற்கிற படம் ஒன்று. அதில் இடுப்பில் கை வைத்திருப்பவர் எங்கள் பாட்டனார் என்று என் அத்தா சத்தியம் செய்வார். அக்கா ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லுவாள். இங்கிலாந்து ராணியே இதைப் பார்த்து அழுததாகவும் சொல்லுவாள். ராணி எப்போது பேகம்பூர் சந்துக்கு வந்தாள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் பெட்டி மூடிவிடும்.

கடைசியாக எடுப்பது நடுக் காடியில் இருக்கும் மரியான் படம். கூடாரத்து வாசலில், கையில் கண்ணாடிக் கூஜாவோடு. துரையின் பெட்டியில் துரையின் படம் ஒன்றுகூட இல்லை, அவன் சமையல்காரன் படம் இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும். எங்கள் ஊர்ச் சரித்திரத்தை யாரும் புத்தகத்தில் எழுதி எங்களுக்குத் தந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெஞ்சில் பார்த்ததுதான்.

இனி தம்பிக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயப்பராஜ். மெயின் ரோட்டில் பிரேம் கடை. அவன் கடையில் முருகனும் மாதாவும் மெக்காவும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குவார்கள். சிரித்த முகம், வழவழவென்று பேச்சு. அக்காவின் வாயில் விழுந்தவர்கள் எல்லோரும் அவனிடம் போய்த்தான் ஆறுதல் தேடுவார்கள். எனக்கு அவனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவன் கடை போர்டை நான்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகு, 'புதிய பிரேம்கள்' என்ற வரியில் 'பு'வுக்குக் கால் குட்டை என்று குறை சொன்னவன் அவன்.

1983 ஆகஸ்டு கடைசியில் அக்கா வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனாள். வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தாள், பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்த இடத்திலேயே இருந்தது, சந்தேகப்பட ஒன்றுமில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. பெஞ்சைப் போட்டோம். சந்தே கூடி நின்றது. அக்கா முதல் காடியிலிருந்து கண்ணாடியை உருவிக் குடைத் துணிமேல் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தாள். மேலே பறந்து போன காக்காய் தெரிந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் வெறும் கண்ணாடி. மூன்றாவது, நான்காவது. நேற்று வெட்டியதுபோலப் பளபளவென்று, அலை ஓடுகிற புது மலிவுக் கண்ணாடி. ஒரு பிள்ளை, "தலையில்லா மாடு எங்கக்கா?" என்று கேட்டது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பெட்டி காலியாகும்வரை அக்கா நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, சாய்த்து, பார்த்து, கீழே வைத்தாள்.

ராயப்பன் கூட்டத்தில்தான் இருந்தான். முன்னால் வந்து கையைப் பிசைந்தான்.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப தூசி தட்டி வைப்போம்னு தெறந்தேன். ஓதம் ஏறி எல்லாம் போயிருச்சுக்கா. படமே இல்ல. பூஞ்சை புடிச்சு வெறும் கறைதான் இருந்துச்சு. நீ பாத்தா தாங்க மாட்டியேன்னு புதுக் கண்ணாடி வெட்டிச் செருகி வச்சேன்."

"பழசு எங்கலே?"

"கறைதானேன்னு சலவைச் சோடாவுல ஊறப் போட்டுக் கழுவி..." அவன் குரல் உள்ளே போயிற்று. "பிரேமுக்குப் போட்டுட்டேன்."

அந்தச் சங்கதி பிறகு தெரிந்தது. நம் ஊரில் கிடைக்கிற கண்ணாடிக்குப் பின்னால் முருகனை வைத்தால் முருகனுக்கு வாய் கோணும். துரையின் கண்ணாடி அப்படியில்லை, தண்ணீர்போல இருக்கும். "வெள்ளக்காரன் காலத்துச் சீமைக் கண்ணாடி" என்று சொல்லிச் சொல்லி, பழனிக்குப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் சாமி படம் மாட்டி விற்றிருந்தான்.

அக்கா குனிந்து வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். தம்பியின் முகத்துக்கு நேரே தூற்றினாள். "ஓதம் தின்னுச்சா? எங்கப்பன் வச்ச எடத்துல, ஒரு சொட்டு ஈரம் படாம வச்சிருந்தேன். பொய் சொல்ற வாயி. அந்த வாயாலயே ஒன்ன உண்மையச் சொல்ல வைக்கிறேனா இல்லையா பாரு."

மண் தூற்றியது அவளுக்கு எதிராகத் திரும்பியது. அவளுடைய வீட்டை எல்லோருக்கும் தெரியும். ஈரச் சாக்கு, ஈரத் துணி, நாள் முழுக்கப் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பு. அந்த வீட்டில் ஓதம் ஏறாமல் என்ன செய்யும் என்று பேசினார்கள். ராயப்பன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டே அதைக் கடைக்குக் கடை பரப்பினான். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க, அதுக்கு வெவரம் பத்தாது" என்பான். நூற்று இருபது வருஷமாகக் காப்பாற்றி வந்ததை ஒரு பூக்காரி ஈரச் சாக்குப் பக்கத்தில் போட்டு அழித்துவிட்டாள், தம்பி பாவம் மூடி மறைக்கப் பார்த்தான். ஊர்க்கதை இப்படி முடிந்தது. கழுவியவன் நல்லவனானான், வைத்திருந்தவள் கெட்டவளானாள். கோயிலில் பெரியவர்கள் அவளைக் கூப்பிட்டு, தம்பியை மன்னித்துவிடு என்றார்கள்.

"மன்னிப்பு சாமி குடுக்கிறது. நான் பூக்காரி, பூதான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தாள். நான் ஒரு பீடிக் கம்பெனி போர்டுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். "பாய், நாப்பது கண்ணாடியக் கழுவியிருக்கான். எதுலயாவது ஒரு மூலையில, ஒரு விரக்கடை படம் மிச்சம் இல்லாமயா போகும்? அது ஒண்ணு கெடச்சாப் போதும். ஓதம் தின்னலன்னு அவன் மூஞ்சியில வச்சுக் காட்டுவேன்" என்றாள். எனக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பள்ளிவாசல் வாசலில் நின்ற எங்கள் பாட்டனாரை அவன் சோடாவில் ஊறப் போட்டிருக்கிறான். எனக்கென்று இருந்தது அந்த ஒரு முகம். தேடு அக்கா, என்ன வேண்டுமானாலும் நான் செய்கிறேன் என்றேன்.

அவள் தேடிய விதத்தைப் போலீஸ்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குச் சமவெளி முழுக்க இருந்து பூ வருகிறது. பூ கொண்டுவருகிற ஒவ்வொரு தோட்டத்துச் சம்சாரியையும் நிறுத்தி, "ஒங்கூர்ல ராயப்பராஜ் கடையில பிரேம் போட்ட சாமி படம் யாரு வீட்டுல இருக்கு?" என்று கேட்பாள். தராசுக்காரர் அவள் வாய்க்குப் பயந்து, சொல்லாதவன் கூடையைக் கடைசியாகத்தான் எடை போடுவார். எரியோட்டிலிருந்து செவ்வந்தி கொண்டுவரும் கருப்புசாமி பயந்துபோய் ஊர் பூராவும் விசாரித்து ஏழெட்டு வீடு சொன்னான். துரை ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் வைரத்தால் ஒரு எண் கீறியிருந்தான். சோடா அதை ஒன்றும் செய்ய முடியாது. பிரேமைக் கழற்றி மூலையைத் தடவினாலே எது துரையின் கண்ணாடி என்று தெரிந்துவிடும். எந்த எண்ணில் எந்தப் படம் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினாள். ஏறாத கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்துதான் ஏறினாள். கையில் வைக்கோல் சுற்றிய புதுக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கண்ணாடி, தானே பிரித்து மாட்டிக் கொடுத்துவிடுவாள். சில வாரம் நானும் கூடப் போனேன். சின்னாளபட்டியில் தறி வீடு ஒன்றில், ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் ஒரு பாயும் வந்து சாமி படத்தைக் கழற்றக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? துரத்தினார்கள். மறு வாரம் மறுபடி போனாள். மூன்றாவது தடவை அவர்களே கழற்றிக் கொடுத்து, காபியும் கொடுத்தார்கள்.

நெய்க்காரப்பட்டியில் புவனேஸ்வரி என்று ஒரு தோட்டக்காரப் பெண். படத்தைக் கழற்றத் தடையில்லை, வேறு சிக்கல். படத்தில் முருகனின் நெற்றிக்கு நேரே கண்ணாடிமேல் தினமும் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, அது ஒரு சில்லறைக் காசுபோல உறைந்து நின்றது.

"ஏனுங்க, கண்ணாடிய எடுத்துட்டுப் போயித் தொடச்சுப் போடுவீங்களா? சாமிக்கு வச்ச பொட்டுங்க. அத எப்படிங்க அழிக்கிறது?"

அக்கா கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தாள். படம் ஒரு நூல்கூட மிச்சமில்லை. முகம் இறுகிப் போயிற்று. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆரும் எதையும் அழிக்க வேணாந்தாயி. அழிச்சவனோட சண்டை போடத்தான் வந்திருக்கேன். பொட்டோட குடு, பொட்டோடயே வச்சிருப்பேன்."

இரண்டு வருஷத்தில் பெட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. எண்கள் இருந்தன, சந்தனமும் குங்குமமும் இருந்தன, படம் மட்டும் ஒன்றிலும் இல்லை. வேலை தெரிந்தவன் ராயப்பன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தான். அக்கா தேடிய ஒரு விரக்கடை சாட்சி கிடைக்கவே இல்லை. இரண்டு தகடு மட்டும் வரவில்லை. ஒன்று உடைந்துபோனதாகத் தகவல். மற்றது மரியான். அது எந்த ஊர்ச் சாமிக்கு முன்னால் இருக்கிறதோ என்று அவள் தூங்காமல் கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் பழைய திண்டுக்கல் கண்காட்சி வைக்கப்போவதாகவும், வீட்டில் பழைய பொருள் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்றும் தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். அக்கா போய் ஒரு மேஜை கேட்டு எழுதிக் கொடுத்தாள்: வெள்ளைக்காரர் காலத்துப் போட்டோக்கள்.

"என்னக்கா காட்டப் போற? ஒண்ணுலயும் படமில்லையே" என்றேன்.

"படம் இல்லாததத்தான் காட்டப் போறேன். சாட்சி கெடைக்கல. கெடைக்காட்டி விட்டுருவேனா? ஒவ்வொண்ணுக்கும் கீழ அட்டை வேணும். மேல, என்ன படமா இருந்துச்சுன்னு எழுதுங்க. கீழ, கழுவியவர் ராயப்பராஜ், பிரேம் கடை, மெயின் ரோடுன்னு எழுதுங்க. எல்லாத்துலயும்."

மேல் வரிக்குக் கறுப்பு, கீழ் வரிக்குச் சிவப்பு. ராயப்பராஜ் என்ற பெயரை அவ்வளவு அழகாக அவன் கடை போர்டில்கூட நான் எழுதியதில்லை. இந்தத் தடவை 'பு' இல்லை, குறை சொல்ல வழியில்லை. ஒவ்வொரு அட்டையும் முடியும்போது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அதை மறைத்துப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கண்காட்சி திறந்த அன்று மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் எங்கள் மேஜையைப் பார்த்துத் திகைத்துப் போனார். நீளக் கறுப்புத் துணி, அதன்மேல் வரிசையாக வெறும் கண்ணாடி, நடுநடுவே அந்தரத்தில் நிற்கிற குங்குமப் பொட்டு. "படம் எங்கம்மா?" என்றார். "கீழ எழுதியிருக்குங்கய்யா" என்றாள். அவர் குனிந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். 'பேகம்பூர் பள்ளிவாசல் வாசலில் நான்கு பேர். கழுவியவர் ராயப்பராஜ்.' 'பாவு நீட்டும் குடும்பம். கழுவியவர் ராயப்பராஜ்.' கடைசிவரை படித்துவிட்டு, மேஜையைச் சுவரோரத்திலிருந்து வாசலுக்கு நேரே நகர்த்தச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற மேஜைகளில் வாள், பூட்டு, செப்புப் பட்டயம் எல்லாம் இருந்தன. கூட்டம் எங்கள் மேஜையில்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாக வாசித்தார்கள். ஹால் முழுக்கக் கழுவியவர் ராயப்பராஜ், கழுவியவர் ராயப்பராஜ் என்று ஜெபமாலை சொல்வதுபோல ஓடியது. இரண்டாம் நாள் அவன் கடையில் பிரேம் போட்டவர்கள் தங்கள் வீட்டுப் படத்தையும் சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்து, என் வீட்டில் எவன் முகத்தைக் கழுவி மாட்டினாய் என்று அவனிடமே கேட்கப் போனார்கள். அவன் பழைய பாட்டையே பாடினான்: ஓதம் தின்றுவிட்டது, அக்காவின் ஈரச் சாக்கு. மேஜைப் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அக்கா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவன் பெயர் நாறிவிட்டது, ஆனால் அவன் பொய் சாகவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ராயப்பன் வந்தான். முகம் சவரம் காணாமல், சட்டை கசங்கி, கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. கூட்டம் வழிவிட்டது.

"அக்கா, கடைக்கு ஒரு ஆளும் வரல. பிள்ளைகள ஸ்கூல்ல கேலி பண்றாங்க. போதும்க்கா. என் பேர எடுத்துரு." துணியைப் பிரித்தான். "பதிலுக்கு ஒனக்கு இதத் தாரேன். இல்லேன்னா, கர்த்தர் சத்தியமா, இங்கயே போட்டு ஒடச்சிருவேன்."

கண்ணாடி. அவன் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். கறுப்பும் வெள்ளையுமாக அதில் ஏதோ இருந்தது. நான் மேஜையில் கிடந்த பழைய குடைத் துணியை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய், கண்ணாடிக்கு நேரே விரித்துப் பிடித்தேன். ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். கூடாரத்து வாசல். கையில் கூஜா. சட்டைப் பித்தான் எத்தனை என்று எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மரியான் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அழுவாள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அக்காவைப் பார்த்தும் அவளைத் தெரிந்துகொள்ளாதவன். அவள் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தாள், மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள், அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இத ஏன்டா கழுவாம வச்ச?"

"அப்பா மாதிரியே இருந்தாருக்கா. அதே நெத்தி, அதே காது. சோடாவுல போடக் கை வரல."

"எங்க இருந்துச்சு இது?"

"பெட்டியிலதான்க்கா."

"பெட்டியில எங்க?"

"நடுவுல."

"இதுக்கு முன்னாடி இருந்த கண்ணாடிய எல்லாம் ஓதம் தின்னுருச்சு. பின்னாடி இருந்த கண்ணாடியையும் ஓதம் தின்னுருச்சு. நடுவுல இருந்த இத மட்டும் ஓதம் தொடல. அப்படித்தானே?"

தான் என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்பது ராயப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கிப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி" என்றார்கள்.

"மூஞ்சியப் பாத்திருக்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்திருக்க. அப்பன் மாதிரி இருந்தவர எடுத்து வச்சுட்டு, மத்தவன் பாட்டன எல்லாம் சோடாவுல போட்டிருக்க. சொல்லுலே. எல்லாரும் கேக்கச் சொல்லு. படம் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சுக்கா."

"ஓதம்?"

"இல்லக்கா."

அவன் குரல் முன்வரிசையைத் தாண்டியிருக்காது. அதனால் என்ன? முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை வாசலுக்குச் சொன்னது. அக்கா அவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மேஜையின் நடுவில் வைத்தாள். அவள் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. நிம்மதி என்று சொல்லமாட்டேன். பசித்தவன் சாப்பிட்டு எழுந்ததுபோல இருந்தது.

"பாய்" என்றாள். "பிரஷ் வச்சிருக்கீங்களா?"

"இருக்குக்கா."

"எல்லா அட்டையிலயும் ஒரு வார்த்தை சேக்கணும். கழுவியவர்ங்கிறதுக்கு முன்னாடி, 'தெரிந்தே'ன்னு போடுங்க."

ராயப்பன் என் பக்கம் திரும்பினான். அழுதுகொண்டிருந்தான். "பாய், இது ஒண்ணையாவது நான்தான் காப்பாத்துனேன்னு இதுக்கு ஒரு அட்டை எழுதுங்க பாய். இது ஒண்ணுக்காவது."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அதுக்கு எதுக்கு அட்டை?" என்றாள். "அதுலதான் படம் இருக்கே."

நான் சிவப்பைத் தொட்டு முதல் அட்டையில் ஆரம்பித்தேன். இடமில்லாததால் வரிக்கு மேலே சின்ன எழுத்தில்தான் நுழைக்க முடிந்தது. முடியும்வரை தம்பி போகக் கூடாது என்று அக்கா சொன்னாள். அவனும் போகவில்லை. ஒவ்வொரு அட்டையாக நான் நகர்ந்தபோது, என் பக்கத்திலேயே நகர்ந்து, ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றையும் வாசித்துக்கொண்டு வந்தான்.